நோட்டில் ஏறாத படிப்பு

கோடை லீவு முடியப் போகிறது என்றால் மதுரையில் கே.கே.நகர், அண்ணா நகர், திருப்பாலைப் பக்கமெல்லாம் கம்பத்துக்குக் கம்பம் 'ப்ளே ஸ்கூல் அட்மிஷன் நடைபெறுகிறது' என்று தட்டி தொங்கும். தட்டியில் சறுக்குமரம், பலூன், சிரிக்கிற ஒட்டகச்சிவிங்கி. உள்ளே போய் விசாரித்தால் மேஜைமேல் முதலில் எடுத்துப் போடுவது நாலு கோடு நோட்டு. "எங்க பிள்ளைங்க டிசம்பருக்குள்ள நூறு வரைக்கும் எழுதிருவாங்க சார்" என்பார்கள். கேட்டுக்கொண்டிருக்கிற அப்பா அம்மாவுக்கும் அதுதான் நிம்மதி, கட்டப் போகிற பணத்துக்குக் கையில் ஏதோ ஒன்று தட்டுப்படுகிறதே. வாசலில் விளையாட்டு என்று எழுதிவிட்டு உள்ளே எழுத்து வேலை வாங்குகிற இந்த ஏற்பாட்டில் ஏமாற்று கொஞ்சம்தான், பயம்தான் நிறைய. மூன்றிலிருந்து ஐந்து வயதுக்குள் ஒரு குழந்தை கற்பதில் முக்காலே மூணு வீசம் நோட்டில் ஏறாது என்பது என் கட்சி. ஏறுகிறதை மட்டும் வைத்துப் பள்ளியை எடை போட்டால், மிச்சத்தை விட்டுவிடுங்கள் என்று நாமே பணம் கட்டிச் சொல்கிற மாதிரிதான்.

எண்ணிக்கையிலிருந்து ஆரம்பிக்கலாம், ஏனென்றால் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். இருபது வரை கடகடவென்று ஒப்பிக்கிற மூன்றரை வயதுப் பிள்ளை முன்னால் ஒரு கைப்பிடி புளியங்கொட்டையை வைத்து "பாட்டிக்கு நாலு குடு" என்று கேளுங்கள். பல பிள்ளைகள் இரண்டைக் கொடுப்பார்கள், இல்லையென்றால் மொத்தமாக அள்ளிக் கொடுத்துவிடுவார்கள். கேரன் வின் என்ற உளவியலாளர் 1990 வாக்கில் இதையே ஆய்வாகச் செய்தார். ஒன்று, இரண்டு, மூன்று என்று சொல்வது முதலில் வெறும் பாட்டு. ஒரு கொட்டைக்கு ஒரு எண்தான், கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தக் கணக்கு, எந்தப் பக்கத்திலிருந்து எண்ணினாலும் தொகை மாறாது, இதெல்லாம் தனித்தனியாகப் புரிய வேண்டியவை. முதலில் 'ஒன்று' மட்டும் பிடிபடும், சில மாதம் கழித்து 'இரண்டு', பிறகு 'மூன்று', அதற்கப்புறம்தான் ஒரு நாள் எண்ணுகிற வேலையே எதற்கு என்று மொத்தமாக விளங்கும். இந்த ஏணியில் ஒரு குழந்தை எந்தப் படியில் நிற்கிறது என்பதை நூறு வரை எழுதிய நோட்டு சொல்லாது, ஏனென்றால் அதைப் பார்த்து எழுதவே தெரிந்தால் போதும்.

பல்லாங்குழியை இந்தக் கண்ணோடு ஒரு தடவை பாருங்கள். பதினாலு குழி. கையில் அள்ளிய காயைக் குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும், ஒரு குழியைத் தாண்டிவிட்டாலோ ஒரே குழியில் இரண்டு விழுந்துவிட்டாலோ எதிரில் இருக்கிறவர் விடமாட்டார். ஒரு பொருளுக்கு ஒரு எண் என்பதை இதைவிடக் கறாராக எந்த டீச்சரும் சொல்லித் தர முடியாது. அப்புறம் 'பசு' இருக்கிறதே, போட்டுக்கொண்டு போகும்போது ஒரு குழியில் நாலு காய் சேர்ந்துவிட்டால் அது பசு, அந்தக் குழிக்காரர் எடுத்துக்கொள்ளலாம். எண்ணிப் பார்க்க நேரம் கிடையாது, பார்த்தவுடன் நாலு என்று தெரிய வேண்டும். எண்ணாமலே பார்வையில் பிடிபடுகிற தொகை மனிதர்களுக்கு ஏறக்குறைய நாலு வரைதான் என்று அறிவியல் பின்னால் அளந்து சொன்னது. இந்த விதியை வகுத்த பாட்டிமார்களுக்கு அது தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை, ஆனால் விதி சரியாக அந்த எல்லையில் போய் நிற்கிறது. ஐந்து வயதுப் பிள்ளைக்கு முழு ஆட்டம் வராது. பக்கத்தில் உட்கார்ந்து காய் போடுவதும் "பசு!" என்று கத்துவதும் வரும், அதுவே போதும்.

அளவு விஷயமும் இப்படித்தான். இரண்டு குட்டை டம்ளரில் சமமாக ஜிகர்தண்டா ஊற்றி, குழந்தை பார்க்கப் பார்க்க ஒன்றை மட்டும் ஒல்லியான உயரக் கிளாசுக்கு மாற்றினால், ஐந்து வயதுப் பிள்ளை உயரக் கிளாசைத்தான் கேட்கும், அதில்தான் நிறைய இருக்கிறதாம். ழான் பியாஜே சொன்ன பிரபலமான விஷயம் இது. ஆறேழு வயதில்தான் பொதுவாக இது தெளியும். விளக்கிச் சொல்லிப் பாருங்கள், தலையாட்டிவிட்டு மறுபடி உயரக் கிளாசையே கேட்கும். ஊற்றி, கொட்டி, திரும்ப ஊற்றி விளையாடுகிற நேரம்தான் அந்தத் தெளிவுக்கு அடித்தளம். அந்த நேரத்தைத்தான் நாம் 'தண்ணியக் கொட்டி வீணாக்குறான்' என்கிறோம்.

இப்போது ஜல்லிக்கட்டுக்கு வருவோம். தை பிறந்து அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் மூன்றும் முடிந்த கையோடு சுத்துப்பட்டுத் தெருக்களில் பிள்ளைகளின் ஜல்லிக்கட்டு ஆரம்பித்துவிடும், பங்குனி வரை ஓயாது. இரண்டு ஸ்கூல் பையை நட்டு வைத்தால் வாடிவாசல். ஒருவன் முதுகில் துண்டைச் சுருட்டிச் செருகிக்கொண்டால் அது திமில். பிடிக்கிறவன் அந்தத் துண்டைத்தான் பிடிக்க வேண்டும், சட்டையைப் பிடித்தால் "செல்லாது செல்லாது". பிடிபட்டுவிட்டால் மாடு நின்றுவிட வேண்டும், ஓட முடிந்தாலும் ஓடக்கூடாது. ஒரு பொடியன் பிளாஸ்டிக் குழாயை மைக்காக வைத்துக்கொண்டு "மாடு வருது மாடு வருது, மேலூர்க்காரர் மாடு, தொட்டுப் பாரு, பிடிச்சா சைக்கிள், பிடிக்கலேன்னா மாட்டுக்கு அண்டா" என்று மூச்சுவிடாமல் கத்துவான்.

ரஷ்ய உளவியலாளர் லெவ் வைகோட்ஸ்கி 1930களில் பேசியது இந்தக் காட்சியைத்தான் என்று சொல்லலாம், அவர் உதாரணத்தில் குச்சி குதிரையாகிறது, நம் தெருவில் துண்டு திமிலாகிறது. கண்ணுக்குத் தெரிவது துண்டு, மனதில் இருப்பது திமில். பொருளையும் அர்த்தத்தையும் இப்படிப் பிரித்துக் கையாளப் பழகுவதுதான் பிறகு எழுத்து என்ற சமாசாரத்துக்கே அடிப்படை, ஏனென்றால் 'மா' என்று எழுதிய கோட்டில் மாம்பழமும் இல்லை, மாடும் இல்லை. இரண்டாவது விஷயம் இன்னும் முக்கியம். பொதுவாக நாம் நினைப்பது விளையாட்டில் பிள்ளை தன் இஷ்டத்துக்கு இருக்கிறது என்று. வைகோட்ஸ்கி தலைகீழாகச் சொன்னார், விளையாட்டில்தான் பிள்ளை தன்னைத்தானே அதிகம் கட்டுப்படுத்துகிறது. பிடிபட்ட மாடு நிற்கிறதே, அந்தப் பையனை வீட்டில் சாப்பாட்டுக்கு இரண்டு நிமிடம் உட்கார வைக்க முடியாது. மனுய்லென்கோ என்ற ரஷ்ய ஆய்வாளர் 1940களில் சின்னப் பிள்ளைகளை அசையாமல் நிற்கச் சொல்லிப் பார்த்தார். சும்மா நில் என்றபோது நின்றதைவிட, நீதான் காவல்காரன் என்று ஆட்டத்தில் வேடம் கொடுத்தபோது அதிக நேரம் நின்றார்கள்.

அந்த மைக்காரப் பொடியனையும் விட்டுவிடக் கூடாது. அவன் ஒரே மூச்சில் கட்டுகிற வாக்கியங்களின் நீளத்தைப் பாருங்கள், நிபந்தனை இருக்கிறது, வரிசை இருக்கிறது, கேட்கிறவர்களைப் பிடித்து நிறுத்துகிற சாமர்த்தியம் இருக்கிறது. அதே பையன் எல்.கே.ஜி வகுப்பில் 'மை நேம் இஸ்' என்பதைத் தாண்டி ஒரு வார்த்தை பேசுவதில்லை, டைரியில் 'ஷை சைல்ட்' என்று எழுதி அனுப்புகிறார்கள். தெரிந்த மொழியில்தான் பிள்ளை யோசிக்கும், வாதாடும், பொய் சொல்லிப் பழகும். மஹால் பக்கத்து சௌராஷ்டிரக் குடும்பங்களில் வீட்டில் ஒரு மொழி, தெருவில் தமிழ் என்று பிள்ளைகள் நாலு வயதிலேயே சிரமமில்லாமல் ஓட்டுகிறார்கள். ஆகவே மூன்றாவதாக ஆங்கிலம் வருவது பிரச்சினையே இல்லை, முதல் இரண்டையும் வகுப்பு வாசலில் செருப்போடு சேர்த்துக் கழற்றி வைக்கச் சொல்வதுதான் பிரச்சினை.

இன்னொரு விளையாட்டு, இதற்குச் சாமானே வேண்டாம். "காக்கா பற, குருவி பற, மாடு பற". பறக்கிறதைச் சொன்னால் கையைத் தூக்கணும், மாட்டுக்குத் தூக்கினால் அவுட். கை தன்னால் எழும், அதை மூளை பிடித்து இறக்க வேண்டும். இப்படி வருகிற வேகத்தை அடக்குவது, விதியை மனதில் வைத்திருப்பது, விதி மாறினால் தானும் மாறுவது, இந்த மூன்றையும் சேர்த்து உளவியலில் செயலாட்சித் திறன்கள் என்கிறார்கள். மூன்று முதல் ஐந்து வயதுக்குள் இவை வேகமாக வளர்கின்றன, ஒன்றாம் வகுப்பில் கணக்கும் வாசிப்பும் எப்படி வரும் என்பதோடு இவற்றுக்கு நெருங்கிய தொடர்பு இருக்கிறது. நோட்டில் இதற்குப் பக்கம் ஏது?

எழுத்தைப் பற்றிப் பேசும்போது கையைப் பற்றியும் பேச வேண்டும். மணிக்கட்டில் எட்டுச் சின்ன எலும்புகள். பிறக்கும்போது அவை குருத்தெலும்பு, ஒவ்வொன்றாகத்தான் கெட்டிப்படும், மூன்று வயதில் எக்ஸ்ரே எடுத்தால் மூன்று நாலு எலும்புதான் தெரியும், எட்டும் தெரியப் பத்து வயதை ஒட்டிவிடும். எலும்பு மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது, விரல் தசைகளின் கட்டுப்பாடும் சேர்ந்து வர வேண்டும். பென்சிலைக் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றாலும் பிடித்து விரலாலேயே அசைக்கிற பிடி நாலிலிருந்து ஆறு வயதுக்குள்தான் படியும். அதற்கு முன்னால் நாலு கோட்டுக்குள் எழுதச் சொன்னால் பிள்ளை முஷ்டியால் பிடித்து, தோளிலிருந்து தள்ளி, நாக்கைத் துருத்திக்கொண்டு எழுதும். அந்தக் கெட்ட பிடி அப்படியே தங்கிவிடுவதும் உண்டு. பழைய திண்ணைப் பள்ளிக்கூடத்தில் அடியும் மனப்பாடமும் தாராளம், அதைக் கொண்டாட எனக்கு ஆசையில்லை, ஆனால் ஒரு விஷயத்தில் அவர்கள் விவரமானவர்கள்: முதலில் மணல், விரல், பெரிய பெரிய எழுத்து. ஓலையும் எழுத்தாணியும் அப்புறம்தான். சப்பாத்தி மாவு பிசைவது, பட்டாணி உரிப்பது, பூக்கட்டப் பார்த்து நாரை முறுக்குவது, கோலப்பொடியைக் கிள்ளிப் போடுவது, எல்லாம் பென்சில் பிடிக்கத்தான் தயார் செய்கின்றன.

இந்த யோசனையெல்லாம் புதிதாக வந்த மேல்நாட்டு ஃபேஷன் என்று நினைக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் வரலாறு. ஃபிரீட்ரிக் ஃபிரோபெல் ஜெர்மனியின் பாட் பிளாங்கென்பர்க் ஊரில் 1837இல் சின்னப் பிள்ளைகளுக்கான தன் நிறுவனத்தைத் தொடங்கினார், 1840இல் அதற்குக் கிண்டர்கார்ட்டன் என்று பெயர் வைத்தார். நூல்பந்து, மரக்கட்டை, பாட்டு, தோட்டம், அவ்வளவுதான் பாடம். இதையும் ஆபத்து என்று நினைத்து பிரஷ்ய அரசு 1851இல் தடை போட்டது, 1860 வரை தடை நீடித்தது. மரியா மாண்டிசோரி ரோம் நகரத்தின் ஏழைக் குடியிருப்பான சான் லொரென்சோவில் 1907இல் ஆரம்பித்தார். அவர் நம் பக்கத்துக்கே வந்திருக்கிறார் என்பது மதுரையில் பலருக்குத் தெரியாது. 1939இல் சென்னை அடையாறுக்குப் பயிற்சி கொடுக்க வந்தவர், உலகப் போரில் இத்தாலி எதிரி நாடாகிவிட்டதால் இங்கேயே தங்க வேண்டியதாயிற்று, 1942 முதல் 1944 வரை கொடைக்கானலில் இருந்தார். கொடைக்கானல் அன்றைக்கு மதுரை மாவட்டம். சிரிப்பு என்னவென்றால், நம் ஊர் தட்டிகளில் 'மாண்டிசோரி ப்ளே வே' என்று ஒட்டவைத்து எழுதுகிறார்கள். அவருக்குப் பாவனை விளையாட்டில் அவ்வளவாக நம்பிக்கை கிடையாது, பொம்மைச் சமையலைவிட நிஜமாகவே காய் நறுக்கட்டும், மேஜை துடைக்கட்டும் என்றவர். அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம், கேட்பாரில்லை.

சரி, அப்படியென்றால் பிள்ளைகளைச் சும்மா விளையாட விட்டால் போதுமா என்று கேட்டால், போதாது. இதில் விளையாட்டுக் கட்சிக்காரர்கள் கொஞ்சம் அதிகமாகவே பேசிவிடுகிறார்கள். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022இல் பழைய ஆய்வுகள் 39ஐச் சேர்த்து வைத்துப் பார்த்தார்கள். பெரியவர் ஒரு நோக்கத்தோடு சாமானை எடுத்து வைத்து, பிள்ளையின் போக்கில் விட்டு, இடையிடையே கேள்வி கேட்டு நடத்துகிற விளையாட்டுதான் ஆரம்பக் கணக்கிலும் வடிவங்களைப் புரிந்துகொள்வதிலும் நேரடிப் பாடத்தைவிட நல்ல பலன் தந்திருந்தது. முக்கோணத்தை எடுத்துக்கொள்வோம். போர்டில் வரைந்து காட்டிச் சொல்லிக்கொடுத்தால், பிள்ளைகள் சமோசா மாதிரி நேராக நிற்கிற முக்கோணத்தை மட்டும்தான் முக்கோணம் என்பார்கள், அதையே ஒல்லியாக இழுத்துச் சாய்த்து வைத்தால் "இது இல்லை" என்பார்கள். அதற்குப் பதில் நீளம் குட்டையாகக் கொஞ்சம் ஈர்க்குச்சியைக் கொடுத்து, எதெதை முட்டவைத்தால் மூன்று மூலை வருகிறது என்று தேடவிட்டு, "இது ஏன் ஆகாதுங்கிற?" என்று நடுவில் ஒரு கேள்வியைப் போட்டால், மூன்று பக்கம் மூன்று மூலை என்பது பிள்ளைக்குத் தானாகவே பிடிபடும். குச்சியைக் கொட்டிவிட்டு டீச்சர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தால் பிடிபடாது. வேலை அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. கேள்வி கேட்பதற்கு அந்த டீச்சர் இருபத்தைந்து நாலு கோடு நோட்டில் மாதிரி எழுதிக் கொடுக்கிற வேலையிலிருந்து விடுபட வேண்டும்.

சீக்கிரம் ஆரம்பித்தால் முந்திவிடலாமே என்ற வாதத்துக்கும் பதில் இருக்கிறது. நியூசிலாந்தில் ஐந்து வயதில் வாசிக்கத் தொடங்கிய பிள்ளைகளையும் ஏழு வயதில் தொடங்கிய பிள்ளைகளையும் ஒப்பிட்டார்கள், பதினோரு வயது வாக்கில் வாசிப்பில் வித்தியாசம் இல்லை. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்து அரசு முன்பருவப் பள்ளிகளில் சேர்ந்த பிள்ளைகள் ஆரம்பத்தில் எழுத்து, எண்ணில் முந்தினார்கள், ஆறாம் வகுப்புக்கு வந்தபோது சேராத பிள்ளைகளைவிடத் தேர்வில் பின்தங்கியிருந்தார்கள் என்று 2022இல் முடிவு வெளியானது. ஏன் என்பதில் இன்னும் சண்டை நடக்கிறது. முன்பருவப் பள்ளிக்கே அனுப்பக்கூடாது என்று இதற்கு அர்த்தம் எடுத்துக்கொள்ளக் கூடாது, உள்ளே என்ன நடக்கிறது என்பதைப் பொறுத்தது என்று எடுத்துக்கொள்ளலாம்.

நம் ஊர் சான்று அங்கன்வாடியில் இருக்கிறது. சத்துணவு, எடை பார்ப்பது என்றால் மதுரை மாவட்டத்துக்கு இதில் தனி இடம் உண்டு, உலக வங்கி உதவியோடு வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் 1980இல் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில்தான் முதலில் தொடங்கியது. இன்று மாநிலம் முழுக்க 54 ஆயிரத்துக்கு மேல் அங்கன்வாடி மையங்கள். அவற்றுக்கு 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா' என்று பாடத்திட்டமே இருக்கிறது, கதை, பாட்டு, மணல், வண்ணம், சாமான் பெட்டி எல்லாம் அதில் உண்டு, சில கான்வென்ட்டுகள் எட்டிப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். சிக்கல் ஆள் பலத்தில். ஒரே பணியாளர் எடை போட வேண்டும், சத்துமாவு கொடுக்க வேண்டும், பதிவேடு எழுத வேண்டும், செல்போனில் வேறு ஏற்ற வேண்டும், கர்ப்பிணிகள் வீட்டுக்குப் போக வேண்டும், மிச்ச நேரத்தில் பாப்பா விளையாட வேண்டும். தமிழ்நாட்டில் 320 மையங்களை எடுத்துக்கொண்டு, அவற்றில் சிலவற்றில் மட்டும் கற்பிப்பதற்கென்று அரை நாள் வேலைக்குக் கூடுதலாக ஒருவரைப் போட்டுப் பார்த்தார்கள். கற்பிக்கும் நேரம் இரட்டிப்பானது, ஒன்றரை ஆண்டில் கணக்கிலும் மொழியிலும் பிள்ளைகள் தெளிவாக முன்னேறியிருந்தார்கள், பழைய பணியாளருக்குக் கை ஓய்ந்ததால் ஊட்டச்சத்துக் குறைபாடும் குறைந்தது. ஏசி அறை கட்டவில்லை, ஸ்மார்ட் போர்டு மாட்டவில்லை, ஒரு ஆளைச் சேர்த்தார்கள். அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் 2019இல் எல்.கே.ஜி, யு.கே.ஜி தொடங்கியதும் நல்ல விஷயம்தான். அங்கும் ஆள் போடுவதா வேண்டாமா என்ற இழுபறி தீரவே வருஷங்கள் ஆயின.

பெற்றோரின் பயத்தைக் கிண்டல் செய்ய மனசு வரவில்லை. வில்லாபுரத்தில் ஆட்டோ ஓட்டுகிறவருக்கோ செல்லூரில் தறி ஓட்டுகிறவருக்கோ, தான் படிக்காத படிப்பைப் பிள்ளை படிக்கிறது என்பதற்கு நோட்டைத் தவிர வேறு சாட்சி யார் கொடுத்தார்கள்? ஒன்றாம் வகுப்புச் சேர்க்கைக்குப் பிள்ளையிடம் எழுதச் சொல்லிப் பார்க்கிற பள்ளிகள் இன்னும் இருக்கின்றன. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 13ஆவது பிரிவு பிள்ளையையோ பெற்றோரையோ சோதித்து வடிகட்டக் கூடாது என்கிறது, அதனால் பேரை மாற்றி 'சும்மா ஒரு பேச்சு' என்று கூப்பிடுகிறார்கள். அந்தச் சும்மாவுக்காகத்தான் ஒரு வருஷம் முழுக்க எல்.கே.ஜி பிள்ளை நோட்டை நிரப்புகிறது. வேடிக்கை என்னவென்றால் அரசுத் தொடக்கப் பள்ளிகள் 2007-08லேயே மாநிலம் முழுக்கச் செயல்வழிக் கற்றலுக்கு வந்துவிட்டன, 2022இலிருந்து 'எண்ணும் எழுத்தும்' என்ற திட்டத்தில் பாட்டும் பொம்மையுமாக நடத்துகிறார்கள். ஆறு வயதுப் பிள்ளை அரசுப் பள்ளியில் முகமூடி போட்டு ஆடிக்கொண்டிருக்க, பணம் கட்டிச் சேர்ந்த மூன்றரை வயதுப் பிள்ளை மூன்று பக்கம் வீட்டுப்பாடம் எழுதுகிறது.

ஆகவே அட்மிஷனுக்குப் போகிறவர்கள் ஆபீஸ் ரூமில் உட்காராமல் காலை பத்தரை, பதினொன்று வாக்கில் வகுப்பை எட்டிப் பார்க்கக் கேளுங்கள். விடமாட்டோம் என்றால் அதுவே பாதி பதில். சாமான்கள் பிள்ளைகளின் கைக்கு எட்டுகிற உயரத்தில் இருக்கின்றனவா, பீரோவுக்குள் பூட்டி உறையோடு இருக்கின்றனவா என்று பாருங்கள். சுவரில் ஒட்டியிருக்கிற படங்கள் முப்பதும் ஒரே மாதிரி இருந்தால் வரைந்தது டீச்சர், வித்தியாச வித்தியாசமாக அசிங்கமாக இருந்தால் வரைந்தது பிள்ளைகள். யார் அதிகம் பேசுகிறார்கள் என்று ஐந்து நிமிடம் காதைக் கொடுங்கள். பிள்ளை ஏதாவது சொன்னால் டீச்சர் 'வெரி குட்' என்று முடித்துவிடுகிறாரா, 'அப்புறம் என்னாச்சு' என்று தொடர்கிறாரா? மண்ணில் விளையாடினால் கை கழுவ எட்டுகிற உயரத்தில் குழாய் உண்டா? ஒரு டீச்சருக்கு எத்தனை பிள்ளைகள், ஆயா சம்பளத்தில் டீச்சர் வேலை பார்க்கிறவர் எத்தனை பேர், போன வருஷம் இருந்த டீச்சர்களில் எத்தனை பேர் இந்த வருஷமும் இருக்கிறார்கள்? கடைசிக் கேள்விக்கு முகம் மாறினால் ஃபீஸ் எங்கே போகிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும். தெருவில் அங்கன்வாடி இருந்தால் அதையும் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், அதற்கு ஃபீஸ் கிடையாது, கேட்டால் உள்ளேயும் விடுவார்கள்.